சுண்ணாம்பு டப்பாவிலிருந்து பிளஸ் டூ வரை: வேதிவினையை வயதுக்கேற்பச் சொல்லிக்கொடுக்க

கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ ஒரு மாலை வகுப்பை எட்டிப் பார்த்தால், ஒரே பாயில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஒருவர்தான். இவர்களுக்கு வேதிவினையை எப்படிப் பிரித்துச் சொல்வது? சின்னவர்களுக்கு நுரை பொங்கும் எரிமலை, பெரியவர்களுக்குக் கரும்பலகையில் சமன்பாடு. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. எரிமலையைப் பார்த்த பிள்ளைக்கு நுரை நினைவிருக்கும், வினை இருக்காது. சமன்பாடு எழுதும் பிள்ளைக்கு அம்புக்குறி தெரியும். அந்த அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருந்த பொருள் இப்போது உலகத்தில் இல்லை என்பது உறைத்திருக்காது.

வயது ஏற ஏறப் பொருளை மாற்ற வேண்டியதில்லை, கேள்வியை மாற்றினால் போதும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, மஞ்சள்தூள், ஆப்ப சோடா, வினிகர், ஒரு கைப்பிடி ஆணி, கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கிய நாலு கிளிஞ்சல். இவற்றை வைத்து ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை போகலாம். கடலூர்ப் பள்ளிகளில் மாநிலப் பாடத்திட்டம், புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சிபிஎஸ்இ என்று புத்தகம் வேறாக இருந்தாலும் பொருள்கள் ஒன்றுதான்.

முதலில் சொல்லிக்கொடுப்பவர் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம். வேதிவினையில் அணுக்கள் அழிவதும் இல்லை, புதிதாகப் பிறப்பதும் இல்லை. எந்த அணு எதனோடு பிணைந்திருக்கிறது என்பது மட்டும் மாறுகிறது. தொடங்கும்போது இருப்பவை வினைபடுபொருள்கள், முடிவில் கிடைப்பவை வினைவிளைபொருள்கள். பனிக்கட்டி உருகினாலும் அது தண்ணீர்தான், அதே மூலக்கூறுதான். அது வினை அல்ல. இந்த வரையறை உங்களுக்கு. ஆறு வயதுப் பிள்ளையிடம் இதை ஒப்பிக்க வைக்காதீர்கள்.

ஐந்து முதல் ஏழு வயது: மஞ்சளும் சோப்பும்

ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை 30 மில்லி தண்ணீரில் குழைத்து, கோடு போடாத வெள்ளைத் தாளில் தடவி நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றுகளாக வெட்டிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மூன்று கிண்ணங்களில் வெறும் தண்ணீர், துணி சோப்பு கரைத்த தண்ணீர், எலுமிச்சைச் சாறு. காதுக் குச்சியால் ஒவ்வொன்றிலும் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் பட்ட இடம் செவ்வண்ணமாகும்; மற்ற இரண்டும் மஞ்சளாகவே நிற்கும். பிறகு அந்தச் சிவப்பின் மேலேயே எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு. மஞ்சள் திரும்பி வரும்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவதை இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அதையும் செய்து காட்டலாம். ஆனால் சுண்ணாம்பைத் தொடுவது பெரியவர் கையாக இருக்கட்டும். காரத்தைக் காட்டும் பிஎச் அளவில் (7 நடுநிலை) வெற்றிலைச் சுண்ணாம்பு ஏறத்தாழ 12.4. விரலில் பட்டால் கழுவிவிடலாம். கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அதன் பிறகு நேரே மருத்துவரிடம்.

இந்த வயதில் கேட்க வேண்டியவை மூன்றே. முன்னால் எப்படி இருந்தது? எதைச் சேர்த்தோம்? இப்போது எப்படி இருக்கிறது? ‘மாயாஜாலம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாயாஜாலத்துக்குக் காரணம் கேட்கக்கூடாது என்பது பிள்ளைக்குத் தெரியும். நாம் கேட்க வைக்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

சொதப்பும் இடம்: கை கழுவும் திரவங்கள் சில, சோப்பு என்று பேர் இருந்தாலும் காரத்தன்மை இல்லாதவை. நிறம் மாறாது. பார் சோப்பே நம்பகமானது. நகல் எடுக்கும் தாள்கள் சிலவற்றில் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும், அதனால் மஞ்சள் தடவியதுமே லேசாக ஆரஞ்சு அடிக்கலாம். அப்படியானால் தாளை மாற்றுங்கள்.

எட்டு முதல் பத்து வயது: எல்லாக் குமிழியும் ஒன்றல்ல

இப்போது ஆப்ப சோடாவை எடுக்கலாம். 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. வினிகர் 4 சதவீதம் என்று லேபிளில் போட்டிருந்தால் 90 மில்லி, 5 சதவீதம் என்றால் 70 மில்லிக்குச் சற்று மேல். இந்த அளவில் இரண்டும் ஏறத்தாழ மிச்சமில்லாமல் தீரும். பேக்கிங் பவுடர் வேண்டாம். அதில் சோடாவோடு அமிலமும் மாவும் ஏற்கெனவே கலந்திருக்கும், கணக்கு ஒன்றும் வராது. வினிகரை மொத்தமாகக் கவிழ்க்காமல் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். இல்லையென்றால் பாதி வெளியே வழிந்துவிடும்.

நுரையைப் பார்த்துப் பிள்ளைகள் ஆர்ப்பரித்து முடித்ததும் டம்ளரை வெளியிலிருந்து தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில்லென்றிருக்கும். வெப்பமானி இருந்தால் நான்கைந்து டிகிரி இறங்குவது தெரியும். ‘வினை என்றால் சூடாகும்’ என்ற எண்ணம் இந்த வயதிலேயே தொடங்கிவிடுகிறது, அதை இங்கேயே நிறுத்தலாம்.

அடுத்து மூன்று டம்ளர்களை வரிசையாக வையுங்கள். ஒன்றில் சோடாவும் வினிகரும். இன்னொன்றில் அப்போதுதான் உடைத்த பன்னீர் சோடா. மூன்றாவது அடுப்பில் கொதிக்கும் தண்ணீர். மூன்றிலும் குமிழி வருகிறது. பன்னீர் சோடாவில் அழுத்தத்தில் கரைத்து வைத்த வாயு வெளியே வருகிறது, புதிதாக ஒன்றும் உண்டாகவில்லை. கொதிக்கும் தண்ணீரில் வருவது நீராவி, அதுவும் தண்ணீரே. முதல் டம்ளரில் மட்டும்தான் இதுவரை இல்லாத ஒரு வாயு பிறந்திருக்கிறது. குமிழி என்பது துப்பு, சாட்சி அல்ல.

சாட்சி வேண்டுமா? நுரை அடங்கியதும் எல்லோரும் டம்ளரைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் பாடத்தின் பாதி சாக்கடைக்குப் போகிறது. மீதித் திரவத்தை ஒரு தட்டில் ஊற்றி, மெல்லிய துணி மூடி, மொட்டை மாடி வெயிலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். வெள்ளையாகப் படிகங்கள் மிஞ்சும். அதன் பெயர் சோடியம் அசிடேட். அதில் சிறிது எடுத்து மீண்டும் வினிகர் விட்டால் பொங்காது. சோடா போய்விட்டது என்பதை பிள்ளை தன் கையாலேயே சோதித்துப் பார்க்கிற இடம் இது. மிச்சப் படிகம் பொங்கினால், தொடக்கத்தில் வினிகர் போதவில்லை என்று அர்த்தம்.

டம்ளருக்கு மேல் நிற்கும் வாயுவை எரியும் மெழுகுவர்த்தி மேல் சாய்த்து அணைத்துக் காட்டுவதும் நல்ல சோதனைதான். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். விசிறி ஓடினால் வாயு கலைந்துபோய், மெழுகுவர்த்தி ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கும்.

பதினொன்று முதல் பதிமூன்று: எடை, காற்று, துரு

எங்கள் கணக்கில் முக்கியமான வயது இது. வாயுவுக்கும் எடை உண்டு என்பதை இந்த வயதில் நம்பாத பிள்ளைக்கு, ஒன்பதாம் வகுப்பில் சமன்பாடு வெறும் எழுத்து விளையாட்டாகவே இருக்கும். வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்பதை 18-ஆம் நூற்றாண்டில் லவாய்சியர் மூடிய பாத்திரங்களை எடைபோட்டே நிறுவினார். அதே வேலையை ஒரு குளிர்பான பாட்டிலில் செய்யலாம்.

500 மில்லி குளிர்பான பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் பாட்டில் கூடாது, அது அழுத்தத்துக்குச் செய்ததல்ல. 20 மில்லி வினிகர் ஊற்றுங்கள். 1 கிராம் ஆப்ப சோடாவை டிஷ்யூ தாளில் இறுக்கிச் சுருட்டி, பொட்டலமாகத் தயாராக வையுங்கள். பாட்டில், மூடி, பொட்டலம் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசு போதும். நகை எடைபோடும் சின்ன தராசு கிடைத்தால் இன்னும் நல்லது. பொட்டலத்தை உள்ளே போட்டு உடனே மூடியை இறுக்குங்கள். தாள் நனைவதற்குள் மூடிவிட வேண்டும், அதற்குத்தான் பொட்டலம். குலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடி எடை. மாறியிருக்காது. பாட்டில் கல் மாதிரி இறுகியிருக்கும். இப்போது மூடியை மெல்லத் திறந்து, மூடியையும் சேர்த்து மூன்றாம் முறை எடை. 0.3 அல்லது 0.4 கிராம் குறைந்திருக்கும்.

1 கிராம் சோடா தரும் கார்பன் டைஆக்சைடு 0.52 கிராம், ஏறத்தாழ 300 மில்லி. பாட்டிலுக்குள் அழுத்தம் வெளியே உள்ளதைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் போகும். குளிர்பான பாட்டிலுக்கு அது சாதாரணம். அளவைக் கூட்டாதீர்கள். 0.52 முழுவதும் ஏன் குறையவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் பாடம் ஏறிவிட்டது என்று பொருள். கொஞ்சம் வாயு பாட்டிலுக்குள்ளேயே நிற்கிறது, கொஞ்சம் திரவத்தில் கரைந்திருக்கிறது, வெளியே போனதில் கொஞ்சம் பழைய காற்று.

பல இடங்களில் பாட்டில் வாயில் பலூனை மாட்டி இதைச் செய்கிறார்கள். எடைபோட அது சரிவராது. 5 கிராம் சோடா போட்டால் பலூன் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் உப்பும். அந்த இடத்தை அடைத்திருந்த காற்று விலகுகிறது. விலகிய காற்றின் எடை அளவுக்குப் பலூனை மேலே தள்ளும் மிதப்பு விசை உண்டாகிறது. தராசு ஏறத்தாழ ஒன்றரை கிராம் குறைத்துக் காட்டும். ‘நிறை மாறாது’ என்று சொல்லிவிட்டு இதைக் காட்டினால் பிள்ளை தராசை நம்புமா, உங்களை நம்புமா?

அடுத்தது சுண்ணாம்பு நீர். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை 1 லிட்டர் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், மீதி அடியில் தங்கும். மேலே தெளிந்ததைப் பஞ்சு வழியாக வடித்து, கழுத்துவரை நிரம்பும்படி சின்னச் சின்ன பாட்டில்களில் அடைத்து மூடுங்கள். பாதி பாட்டில் காலியாக இருந்தால் அந்தக் காற்றே இரண்டு நாளில் அதை வீணாக்கிவிடும்.

தண்ணீர் எதுவென்பதில்தான் கடலோர ஊர்களில் சிக்கல். போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர், அதில் பைகார்பனேட்டுகள் இருக்கும். சுண்ணாம்பு பட்டதுமே பால்போலக் கலங்கும், மூச்சு ஊதுவதற்கு முன்பே. ஆர்ஓ தண்ணீர், அல்லது பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீர் நல்லது. கடையில் கேட்கும்போது பேட்டரி ஆசிட்டை எடுத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

ஒரு டம்ளரில் 30 மில்லி எடுத்து, ஸ்ட்ரா வழியாக மெல்ல ஊதச் சொல்லுங்கள். உறிஞ்சக் கூடாது என்பதை ஊதுவதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் போடச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஊதினால் வெண்மை படரும். மூச்சில் உள்ள கார்பன் டைஆக்சைடு, கரைந்திருந்த கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து, கரையாத கால்சியம் கார்பனேட் ஆகிறது. சோடா பாட்டிலிலிருந்து குழாய் வழியாக வாயுவைச் செலுத்தினால் இன்னும் சீக்கிரம் கலங்கும். இரண்டும் ஒரே வாயு என்பதற்கு அதுவே சான்று. ஒரு சின்ன எச்சரிக்கை: சுண்ணாம்பு நீரைச் சூடாக்கினாலும் கலங்கும். சர்க்கரையைப் போலல்லாமல் சுண்ணாம்பு சூட்டில் குறைவாகவே கரையும். ஆகையால் இந்தச் சோதனையை வெயிலில் காய்ந்த பாட்டிலோடு செய்யாதீர்கள்.

துரு நமக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கடலோரத்து வீடுகளின் ஜன்னல் கம்பியைவிடச் சிறந்த பாடம் எந்த ஆய்வகத்திலும் இல்லை. நான்கு மூடிபோட்ட கண்ணாடி பாட்டில்கள் எடுங்கள். ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்து, சோப்பால் எண்ணெய் போகக் கழுவித் துடைத்து, முதல் பாட்டிலில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஆணியை வைத்து மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றுங்கள். இரண்டாவதில் பத்து நிமிடம் கொதிக்க வைத்த தண்ணீரைச் சூட்டோடு ஊற்றி, மேலே ஒரு விரல் உயரம் எண்ணெய். மூன்றாவதில் சாதாரண தண்ணீர், ஆணி பாதி வெளியே நிற்கட்டும். நான்காவதில் 100 மில்லிக்கு 3.5 கிராம் உப்பு. கடல் நீரின் உப்பளவு அதுதான். ஐந்தாம் நாள் பாருங்கள்.

மூன்றிலும் நான்கிலும் துரு ஏறியிருக்கும். ஒன்றிலும் இரண்டிலும் ஏறக்கூடாது. ஏறியிருந்தால்? முதல் பாட்டிலில் மூடி கசிந்திருக்கிறது; நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சந்து கிடைத்தால் போதும். நீல நிற சிலிகா ஜெல் இளஞ்சிவப்பாகியிருந்தால் அது ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டது. இரண்டாவதில் ஏறியிருந்தால் தண்ணீரை ஆறவிட்டு ஊற்றியிருக்கிறீர்கள், ஆறும்போது காற்று மறுபடி கரைந்துவிட்டது. நான்கிலுமே துரு இல்லையா? கடைக்காரர் கொடுத்தது துத்தநாகம் பூசிய ஆணி. பூச்சில்லாத கறுப்பு ஆணி என்று கேட்டு வாங்க வேண்டும். உப்பு துருவை உண்டாக்குவதில்லை, வேகப்படுத்துகிறது. இந்த வயதுக்கு அவ்வளவு போதும்.

இந்த வயதில் ஒட்டிக்கொள்ளும் பிழை ஒன்று உண்டு, அதைப் பல கையேடுகளே சொல்லிக்கொடுக்கின்றன: ‘இயற்பியல் மாற்றம் மீளும், வேதி மாற்றம் மீளாது.’ சுண்ணாம்பே இதற்கு எதிர்ச்சாட்சி. கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். காளவாயில், அதாவது சுண்ணாம்புச் சூளையில், சுட்டால் கார்பன் டைஆக்சைடு போய்ச் சுட்ட சுண்ணாம்பு, தண்ணீர் விட்டு நீற்றினால் நீற்றிய சுண்ணாம்பு, சுவரில் அடித்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட். கிளிஞ்சல் சுவராகி, வேதியியல்படி மீண்டும் கிளிஞ்சலாகிவிட்டது. வெள்ளையடித்த சுவர் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பளிச்சென்று வெளுப்பதற்கும், கையில் ஒட்டாமல் இறுகுவதற்கும் இதுவும் ஒரு காரணம். மறுபுறம், உடைத்த கண்ணாடி மீளாது, ஆனால் அது வேதி மாற்றமல்ல. மீளுமா மீளாதா என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள்; புதுப் பொருள் வந்ததா என்று கேளுங்கள்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு: சமன்பாடு எங்கே வழுக்குகிறது

கிளிஞ்சல் கதையை இப்போது எழுத்தில் எழுதலாம்.

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டைஆக்சைடு
கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு
கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டைஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

முதலாவது சிதைவு வினை, இரண்டாவது சேர்க்கை வினை. முதல் வரியில் 100 கிராம் கொடுத்தால் 56 கிராமும் 44 கிராமும் கிடைக்கும். இதை வாயால் மட்டும் சொல்லாமல், கிளிஞ்சலின் மெல்லிய சில்லு ஒன்றைப் பன்சன் அடுப்பின் நீலச்சுடரில் ஓரம் செக்கச்செவேலென ஆகும்வரை பத்து நிமிடம் காட்டி, நன்றாக ஆறவிட்டு, மஞ்சள் தடவிய தாளின் மேல் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாள் சிவக்கும். சுடாத சில்லு சிவக்க வைக்காது. மெழுகுவர்த்திச் சுடர் போதாது, 800 டிகிரிக்கு மேல் வேண்டும். கிளிஞ்சல் வெடித்துத் தெறிக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சமன் செய்வதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்றே. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வினையில் வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைகிறது என்றதும், நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிடுவார்கள். கணக்கு சரியாகிவிடும், பொருள் மாறிவிடும். அது நீர் அல்ல, புண்ணைக் கழுவ மருந்துக்கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அதைக் குடிக்கத் தருவீர்களா என்று கேட்டால் வகுப்பு மறக்காது. முன்னால் போடும் எண் எத்தனை மூலக்கூறு என்பதைச் சொல்கிறது, கீழே இருக்கும் எண் அது என்ன மூலக்கூறு என்பதைச் சொல்கிறது. எழுதப் பழகும் முன் புளியங்கொட்டையும் சோழியும் வைத்து அடுக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் எடுத்த காய்களை மட்டுமே வைத்து வலப்பக்கத்தைக் கட்ட வேண்டும் என்பது ஒரே விதி.

ஓர் உலோகம் இன்னொன்றைக் கரைசலிலிருந்து வெளியேற்றும் இடப்பெயர்ச்சிக்கு மயில்துத்தக் கரைசலில் ஆணி. புத்தகத்தில் ‘நீலம் மறைந்து வெளிர்பச்சை ஆகும்’ என்றிருக்கும். வகுப்பில் நீலம் அப்படியே இருக்கும்! காரணம், கரைசல் கெட்டி, ஆணியின் மேற்பரப்பு சின்னது. அதன் மேல் செம்பு படிந்ததும் வினை மந்தமாகிவிடுகிறது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் மயில்துத்தம் போதும். ஆணிக்குப் பதில் ஒரு கிராம் இரும்பு நார் போடுங்கள். கணக்குப்படி 0.45 கிராம் இரும்பே போதும், கூடுதல் நல்லது. பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான எவர்சில்வர் நார் வேலைக்காகாது, அது துருப்பிடிக்காத எஃகு. அரை மணிக்குள் நீலம் வெளிறி, நார் செம்பழுப்பாகும். மறுநாள்வரை வைத்திருந்தால் திரவம் மஞ்சட்பழுப்பாகத் திரும்பும். அது வேறு வினை, கரைந்த இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனால் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. விடைத்தாளில் பழுப்பு என்று எழுதும் பிள்ளை பொய் சொல்லவில்லை, தாமதமாகப் பார்த்திருக்கிறது.

இதே வினையைத் தோட்டக்காரர்கள் தினப்படி சோதனையாகவே வைத்திருக்கிறார்கள். பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் ஒரு சத போர்டோ கலவை என்பது மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். மயில்துத்தத்தை இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது என்பார்கள். கலந்து முடித்ததும் நன்றாகத் தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பழுப்புப் படிந்தால் இன்னும் கரைந்த செம்பு மிச்சமிருக்கிறது, இலை கருகும், சுண்ணாம்பு கூட்ட வேண்டும். படியாவிட்டால் தெளிக்கலாம். வகுப்பில் 1 கிராம் மயில்துத்தத்தை 50 மில்லியிலும், 1 கிராம் உலர்ந்த நீற்றிய சுண்ணாம்பை 50 மில்லியிலும் கரைத்து, நீலத்தைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றி, தேய்த்த ஆணியால் சோதிக்கலாம். சுண்ணாம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்த இன்னொரு கலவையை உடன் வைத்து இரண்டிலும் ஆணியை முக்கச் சொல்லுங்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டுத் தோட்டத்தில் பார்த்த வேலை இது. இரட்டை இடப்பெயர்ச்சியும் ஒற்றை இடப்பெயர்ச்சியும் ஒரே பக்கெட்டில் நடப்பதை அவர்களே சொல்வார்கள்.

மெக்னீசிய நாடா பற்றி ஒரு வரி: நம் ஊர்க் காற்றில் ஒரு வருடம் கிடந்த நாடா சாம்பல் பூத்திருக்கும், உப்புத்தாளால் தேய்க்காமல் பற்றாது. சுடரை நேராகப் பார்க்கக் கூடாது.

பிளஸ் ஒன், பிளஸ் டூ: ஏன், எவ்வளவு, எதுவரை

‘பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது.’ பிளஸ் டூ முடித்தவர்களும் இதைச் சொல்வார்கள். தலைகீழ். பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும். புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் வெளிவரும். இரண்டின் கழித்தலே நாம் உணரும் சூடோ குளிர்ச்சியோ. சுட்ட சுண்ணாம்பு 56 கிராம் நீறும்போது ஏறத்தாழ 64 கிலோ ஜூல் வெளிவருகிறது, 200 மில்லி தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலை வரை ஏற்றப் போதும். சுண்ணாம்பு நீற்றும் தொட்டி கொதிப்பது அதனால்தான். இதை ஆசிரியர் மட்டும், நகத்தளவுத் துண்டில், காட்டினால் போதும்.

காளவாய் ஏன் மூடியில்லாமல் இருக்கிறது என்பது சமநிலைப் பாடத்துக்கு நல்ல தொடக்கம். கால்சியம் கார்பனேட் சிதையும் வினை மீள்வினை. மூடிய கலனில் கார்பன் டைஆக்சைடின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் சிதைவும் சேர்க்கையும் ஒரே வேகத்தில் நடக்கும். வினை நின்றுவிடவில்லை, இரண்டும் நடந்துகொண்டேயிருக்கின்றன. காளவாயில் வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால் சிதைவு முடிவுவரை போகிறது. என்தால்பி மாற்றம் (வினை உறிஞ்சும் வெப்பம்) மோலுக்கு 178 கிலோ ஜூல், என்ட்ரோபி மாற்றம் (ஒழுங்கின்மை கூடும் அளவு) கெல்வினுக்கு 160 ஜூல் என்று போட்டு வகுத்தால், சிதைவு தானாக நடக்கத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 1,110 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸ் வரும். ஆனால் கார்பன் டைஆக்சைடின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தைத் தொடுவது 900 டிகிரிக்கு அருகில். வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 25 டிகிரிக்கான மதிப்புகளை 800 டிகிரியிலும் மாறாதவை என்று வைத்துக்கொண்டோம். இந்தக் கேள்வியை நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு விட்டுவைக்கலாம்.

பழைய சுண்ணாம்பு நீர் டம்ளருக்குத் திரும்புவோம். ‘தொடர்ந்து வாயுவைச் செலுத்தினால் கலங்கல் தெளியும்’ என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. கரையாத கார்பனேட், கரையும் பைகார்பனேட்டாக மாறுகிறது. செய்து பார்த்தால் தெளியாது, கன்னம்தான் வலிக்கும். நிறைவுற்ற சுண்ணாம்பு நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 21 மில்லிமோல் கால்சியம் இருக்கிறது. தூய கார்பன் டைஆக்சைடு நிறைந்த தண்ணீரே லிட்டருக்கு 8, 9 மில்லிமோல்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். மூச்சில் அந்த வாயு 4 சதவீதமே, அதற்குக் கரைக்கும் திறன் இன்னும் குறைவு. ஆகவே தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, சோடா–வினிகர் பாட்டிலிலிருந்து வாயுவைச் செலுத்துங்கள். கலங்கும், பிறகு தெளியும். தெளிந்ததைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேறி மீண்டும் கலங்கும். வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளைப் படிவமும் இதே வினைதான்.

புதுச்சேரி ஒயிட் டவுனின் பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களைப் பற்றி ஒரு செய்முறையும் உண்டு. சுவரில் கை வைக்க வேண்டாம். வகுப்பிலேயே ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும் குழைத்து, தீப்பெட்டி அளவில் கட்டிகள் பிடித்து உலரவிடுங்கள். நாள்தோறும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், முற்றிலும் வறண்டால் வினை நின்றுவிடும். வாரம் ஒரு கட்டியை உடைத்து, உடைந்த முகத்தில், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் ஃபினால்ப்தலீன் சொட்டுங்கள். நடுவில் இளஞ்சிவப்பு, ஓரத்தில் நிறமில்லாத பட்டை. அந்தப் பட்டைதான் கார்பனேட்டாக மாறிய பகுதி. வாரத்துக்கு வாரம் அது உள்ளே நகர்வதை அளவுகோலால் அளந்து வரைபடம் போட்டால், வேகம் குறைந்துகொண்டே போவது தெரியும். வாயு உள்ளே போக வேண்டிய தூரம் கூடுகிறதல்லவா.

கழிவைப் பற்றி மறந்துவிடக் கூடாது. சோடா, வினிகர், சுண்ணாம்பு நீர் எல்லாம் நிறையத் தண்ணீரோடு கொட்டிவிடலாம். மயில்துத்தக் கரைசலைச் சாக்கடையிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள், மீனுக்கு நஞ்சு. மிச்சக் கரைசலில் இரும்பு நார் போட்டு நீலம் முழுக்கப் போகும்வரை இரண்டு நாள் வைத்து, அடியில் படிந்த செம்பைத் தாளில் வடித்துத் தனியே வையுங்கள். சுண்ணாம்பு நீர் வைத்த பாட்டிலின் உட்புறம் வெள்ளைப் படலம் படிந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் பிரஷ்ஷுக்குப் போகாது. கொஞ்சம் வினிகர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் குமிழி விட்டுக் கழன்றுவிடும், அதை ஏனென்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.